பழைய பத்திரிகையில் எடுத்த முகவரிகள்

போன தீபாவளிக்கு என் முறுக்கு விளம்பரத்தைத் தமிழர் வீடுகளுக்குத் தபாலில் அனுப்ப நினைத்தேன். பழைய தமிழ்ப் பத்திரிகைகளில் வந்த குடும்ப அறிவிப்புகளிலிருந்து நாற்பது வீட்டு முகவரிகளை எடுத்துப் பட்டியல் போட்டேன். செலவில்லாமல் முடித்த என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஜெலுத்தோங் பகுதியில் எனக்கு முறுக்கு பிழிந்து தரும் சாந்தி அக்கா, உறைகளில் முகவரி ஒட்டும்போது ஒன்றைத் தனியே எடுத்து வைத்தார்.

“இந்த சுங்கை பாக்காப் வீட்டுல பெரியவரு தவறி ஆறு மாசம்கூட ஆகல லா. இந்த வருசம் அவங்களுக்குத் தீபாவளி இல்ல, தங்கச்சி.”

பதறிப்போய்ப் பத்திரிகைகளைப் புரட்டினேன். நான் எழுதியதில் பாதி, கருமக்கிரியை அறிவிப்புகள். முகவரியை மட்டும் பார்த்தேனே தவிர, மேலே இருந்த படத்தைப் பார்க்கவில்லை.

அந்த உறைகளைக் கிழித்தோம். துக்கத்தால் பலகாரம் சுடாத அந்தச் சுங்கை பாக்காப் வீட்டுக்குத் தீபாவளியன்று அக்கா ஒரு டின் முறுக்கைத் தானே கொண்டுபோய்க் கொடுத்தார்.

இப்போது வாங்க வருபவர்களிடம் கேட்டுத்தான் முகவரி எழுதுகிறேன். அக்கா படிக்காமல் ஓர் உறைகூடத் தபாலுக்குப் போவதில்லை.