மெம்பர் வீட்டடி

இந்தப் பனி நாட்டில், புவாண்ட்-கிளேர் போகும் பஸ்ஸில் யாரோ மணியை அழுத்தினார்கள். அந்தச் சத்தத்தில் எனக்கு எங்கள் ஊர் வீட்டு வாசல் படலையின் பச்சைப் பெயின்ற் மணந்தது.

வெள்ளைக்காரன் காலத்துத் தேர்தலில் வேட்பாளருக்கு ஒரு நிறமாக வாக்குப் பெட்டி வைப்பார்களாம். என் அப்பப்பா பச்சைப் பெட்டியில் தோற்றார். எதிர்வீட்டுக்காரர் சிவப்புப் பெட்டியில் வென்று சட்டசபை மெம்பரானார். இருவரும் செத்துப் பல காலமான பிறகும் அப்பா பொங்கலுக்குப் பொங்கல் படலைக்குப் பச்சைதான் பூசினார். ஆனால் அந்தப் படலைக்கு நேரே நின்ற பஸ் தரிப்புக்கு 'மெம்பர் வீட்டடி' என்றுதான் பெயர்.

"மெம்பர் வீட்டடி இறக்கம்!" என்று மெம்பரின் பேத்தி ரஞ்சி கத்துவாள். பஸ் எங்கள் படலையடியில் நிற்கும். அப்பா அசையமாட்டார். அடுத்த தரிப்பில் இறங்கி, கொதிக்கும் வெயிலில் என்னை இழுத்துக்கொண்டு திரும்பி நடப்பார். ரஞ்சி அதற்குள் கால் கழுவி, மாங்காய் கடித்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். எனக்கு வயிறு எரியும்.

இங்கேயும் அவள் என் தெருவிலேயே வீடு வாங்கியிருக்கிறாள். இன்று சிவப்புக் கோட்டோடு பக்கத்தில் இருந்தவள், முன்னிருக்கைப் பெண்ணுக்கு என்னைக் காட்டினாள்.

"இவவும் எங்கட ஊர்தான். மெம்பர் வீட்டடியில இருந்தவ."

எங்கள் தரிப்பு வந்தது. ரஞ்சி எழும்பினாள்.

"நீ இறங்கேல்லையோ?"

"எனக்கு அடுத்ததில ஒரு அலுவல் இருக்கு."

அப்பா வெயிலில்தான் திரும்பி நடந்தார். நான் முழங்காலளவு பனியில் நடந்தேன்.