ஐந்து கட்டைவிரல்கள்

என் போனை அப்போதெல்லாம் ஆறு பேர் திறப்போம். நூறு நாள் வேலையில் நான் பணித்தளப் பொறுப்பாளர். காலையும் மதியமும் எல்லோரையும் நிற்க வைத்துப் போட்டோ எடுத்து ஆப்பில் ஏற்ற வேண்டும். நான் அவசரத்துக்கு எங்காவது போனாலும் வேலை நிற்கக் கூடாதென்று கூட இருக்கும் ஐந்து பெண்களின் கட்டைவிரலையும் அதில் பதிந்து வைத்திருந்தேன். அதைப் பெரிய கெட்டிக்காரத்தனம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன். லாக்கைத் திறக்கும் நம்பர் மட்டும் எனக்குத்தான் தெரியும்.

செய்யாற்றில் பொக்லைன் விட்டு மணல் அள்ளியதை, ஊர்க்கடைசி இருளர் குடியிருப்பிலிருந்து ஒரு பெண் படம் பிடித்து எனக்கு அனுப்பினாள். அந்த வீடியோவை வைத்து நான் கலெக்டருக்கு மனு கொடுத்தேன். மணல் அள்ளுவது நின்றது. ஆனால் வீடியோ எடுத்தது யார் என்று ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். அவள் பெயர் தெரிந்தால் அவள் புருஷன் தலையில் ஏதாவது திருட்டுக் கேஸ் விழும். அந்தக் குடியிருப்புக்கு அது புதிதல்ல. அழித்துவிடலாம் என்றால், விசாரணை வந்தால் காட்ட அது வேண்டும்.

உத்திரமேரூரில் ஒரு வக்கீலிடம் போய்க் கேட்டேன். "கேட்ட ஒடனே நம்பர சொல்லணும்னு கட்டாயம் இல்லம்மா. கோர்ட்டு ஆர்டர் கேளு. இதுல ஒவ்வொரு கோர்ட்டு ஒவ்வொரு மாதிரி சொல்லிக்கினு கீது. ஆனா ஒண்ணு, நம்பரு நீ வாய தொறந்தாதான் வரும். வெரல புடிச்சி வெச்சிட்டா இன்னா பண்ணுவ?" என்றார். அன்றே போனிலிருந்து என் விரலை எடுத்துவிட்டேன். மற்ற ஐந்தையும் மறந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஸ்டேஷனுக்குத் துணையாக என் ஓரகத்தி அக்கா வந்தார். அந்த ஐந்து விரல்களில் ஒன்று அவருடையது.

"தப்பு பண்ணலன்னா லாக்க எடும்மா, இன்னாத்துக்கு பயம்?" என்றார், என் போனை வாங்கி வைத்துக்கொண்ட எஸ்.ஐ.

"கோர்ட்டு ஆர்டர் கீதா சார்? எழுத்துல காட்டுங்க" என்றேன்.

அவர் மேசையைத் தட்டிக் கத்தினார். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "எங்க வூட்டுப் பொண்ணு எதையும் மறைக்கல சார். குடுங்க, நானே தொறந்து காட்டறேன்" என்று போனை வாங்கிக் கட்டைவிரலை வைத்துவிட்டார்.

எனக்கு உயிரே போய்விட்டது.

போன் அதிர்ந்தது, திறக்கவில்லை. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். இல்லை. மூன்று வாரம் சேற்றில் நாற்று நட்ட விரல், ரேகையே தேய்ந்திருந்தது. "ரேஷன் கடை மிஷினும் இப்டித்தான் சார், என் கைய ஒத்துக்காது" என்றார். ஐந்தாவது முறையும் தப்பியதும் போன் லாக் நம்பரைக் கேட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

"ஆர்டரோட வரேன், அப்ப பாக்கறேன்" என்று எஸ்.ஐ. போனை என் பக்கம் தள்ளினார். வரட்டும், கோர்ட்டிலும் நிற்பேன்.

ஊருக்குத் திரும்பும் பெருநகர் பஸ்ஸில் அக்காவை வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஒரு பெண்ணின் குடும்பமே அந்தப் போனுக்குள் இருக்கிறது என்றேன். பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் வாயைப் பொத்தினார்.

"எனக்கும் சொல்லாத. மொதல்ல என் வெரல அதுலேர்ந்து எடு."

நான் நம்பரை அடிக்கும்போது, அக்கா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.