பிலோமினாவின் கணக்குக்கு என்ன பெயர்?

போன ஞாயிறு மத்தியானம் எங்கள் வெள்ளவத்தை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரே 'சூப்பர்' கதை. மெல்பேர்னில் இருந்து வந்திருக்கும் என் தம்பிதான். வேலையால் நின்ற பிறகு எடுக்கும் சேமிப்பை அங்கே அப்படித்தான் சொல்வார்களாம்.

"நீங்கள் வச்ச பேரைப் பாருங்கோ அக்கா... ஊழியர் சேமலாப நிதி! வாசிச்சு முடியவே அறுபது வயசு வந்திடும்."

நான் விடுவேனா? முப்பது வருசம் ஒரு கம்பனியில் ஈ.பி.எஃப். படிவம் நிரப்பினவள். தொடங்கிவிட்டேன். ரொறொன்ரோ மச்சாளுக்கு அங்கே அதன் பெயர் வெறும் நாலு ஆங்கில எழுத்து. சிங்களத்தில் 'அர்த்தசாதக' – கேட்டால் ஏதோ யாகம் மாதிரி இருக்கும். அப்பாவின் காலத்தில் 'பென்ஷன்'. அரசாங்க மாப்பிள்ளைக்கு அந்த ஒரு சொல்லே பாதிச் சீதனத்தைக் கொண்டுவரும். கம்பனி மாப்பிள்ளை வீட்டார் 'ஈ.பி.எஃப். இருக்கு' என்று கொஞ்சம் மெதுவாகத்தான் சொல்வார்கள்.

தம்பி சிரித்தான். ரசம் கொண்டுவந்த பிலோமினா அக்காவும் சிரித்தா. மட்டக்குளியில் இருந்து பஸ் ஏறி வந்து, பத்தொன்பது வருசமாக எங்கள் வீட்டில் சமைப்பவ.

தம்பிக்கு வாய் சும்மா இருக்காது; பிலோமினா அக்காவைக் கேட்டான். "அப்ப உங்கட கணக்குக்கு என்ன பேர் அக்கா?"

"பேரெல்லாம் தெரியாது தம்பி. மிஸ்தானே போடுறாங்க. சம்பளம் கூட்டிக் கேட்டப்ப, கையில தந்தா சல்லி கரைஞ்சிடும், உங்க பேர்ல பேங்க்ல போடுறேன்னு சொன்னாங்க. டிசம்பர்ல நத்தாரோட வேலைய விட்டு நின்டுடலாம்னு இருக்கேன். முழங்கால் ஏலாது."

அந்த மிஸ் நான்தான்.

அப்படிச் சொன்னது உண்மைதான். அவவின் பேரில் வங்கிப் புத்தகமும் திறந்தேன். எட்டு மாதம் ஒழுங்காகப் போட்டேன். பிறகு வீட்டுக்குப் பெயின்ற், பிறகு மகனின் படிப்பு, பிறகு சாமான் விலை... அடுத்த மாதம் சேர்த்துப் போடலாம் என்று விட்டதுதான். புத்தகம் என் அலுமாரியில் கிடக்கிறது. அவ ஒரு நாளும் கேட்கவில்லை. நம்பினவ ஏன் கேட்கப்போகிறா?

கம்பனியில் ஒரு பியூனுக்கு ஒரு மாதம் விடுபட்டாலும் முதலாளியோடு சண்டைக்குப் போனவள் நான். ஊருக்கெல்லாம் நியாயம் சொல்லிவிட்டு, என் குசினியில் இதைச் செய்திருக்கிறேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் இன்னும் வெட்கம்.

வேறு நாடுகளில் பெயர் எதுவாக இருந்தாலும், அதற்கு ஒரு இலக்கம் உண்டு, போய்க் கேட்க ஒரு கவுண்டர் உண்டு. எங்கள் வீடுகளில் வேலை செய்பவர்களுக்கு நாங்கள் வைத்திருக்கும் கணக்கின் பெயர் தெரியுமா? 'நாங்கள் இருக்கிறம்தானே.' இந்த ஒழுங்கையில் மாடிக்கு மாடி அந்தக் கணக்கு இருக்கிறது. அதில் யாரும் காசு எடுத்ததாக நான் கேள்விப்படவில்லை.

தம்பி வெளியே போனதும் குசினிக்குப் போய் உண்மையைச் சொன்னேன். விடுபட்ட மாதமெல்லாம் வட்டியோடு நத்தாருக்கு முன்னம் போட்டுவிடுகிறேன் என்றேன். ஏசுவா என்று நினைத்தேன். ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கழுவின சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கையைத் துடைத்தா.

"சரி மிஸ். புத்தகத்த இனி நானே வச்சிக்கிறேன்."