மஞ்சள் பூசிய சர்வே கல்

ஜீப் சத்தம் கேட்டாலே கைவேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவிடுவேன். இன்றைக்கும் அப்படித்தான். தொண்ணூறுகளின் கடைசியில், எங்கள் மலையின் பைல் நாட்டில், எங்கள் காட்டில் சர்வே கல் நட்டுவிட்டுப் போனார்களே, அன்றைக்குப் பிடித்த பயம் அது.

காடு என்றால் மரக்காடு இல்லை. சாமையும் மரவள்ளியும் விளைகிற எங்கள் மேட்டு நிலம். ஓரத்து மரங்களில் மிளகுக்கொடி. அதை விட்டால் எங்களுக்குச் சோறு கிடையாது. என் வீட்டுக்காரரின் பாட்டன் காலத்திலிருந்து உழுகிற நிலம்தான், பட்டா மட்டும் இல்லை. அடியில் பாக்சைட் இருக்கிறது, இது சர்க்கார் புறம்போக்கு என்று சொல்லி, எங்கள் வரிசையில் எல்லார் காட்டிலும் கல் நட்டார்கள். கல் வரைக்கும் தோண்டுவார்களாம். யாரைக் கேட்டு? கேட்க வாய் துறுதுறுத்தது. கூட வந்த போலீசைப் பார்த்ததும் பின்னால் நகர்ந்துகொண்டேன். வயிற்றில் பிள்ளை வேறு.

ஊர்க்கூட்டத்தில் ஒரு முடிவு எடுத்தார்கள். மறுநாள் காலை எல்லாக் கல்லையும் பிடுங்கி சுரங்க ஆபீஸ் வாசலில் போடுவது. கல் இல்லாவிட்டால் மறுபடி அளக்க வேண்டும். அளக்க விடக்கூடாது. என் வீட்டுக்காரர் முதல் ஆளாகச் சரி சொல்லிவிட்டு வந்தார்.

“ஏனுங்க, உங்களப் புடிச்சுட்டுப் போயிட்டா நான் வயித்தத் தூக்கிட்டு எங்கீங்க போவேன்?”

“காடு போயிட்டா மட்டும் எங்க போவ?” என்றார்.

என் மாமியார் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். பொழுது சாயும்போது தனியாகக் காட்டுக்குப் போனவர், அந்தக் கல்லைக் கழுவி, மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, சூடம் காட்டியிருக்கிறார். “எங்காட்ட உட்டுட்டுப் போயிரு சாமி, எம்மவன ஒண்ணும் பண்ணிராத” என்று கல்லிடமே வேண்டியிருக்கிறார். எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மட்டும் என்ன? அன்றிருந்த பயத்துக்கு நானும் கூடப் போயிருப்பேன்.

காலையில் கடப்பாரைகளோடு ஊரே வந்தது. பக்கத்துக் காட்டுக் கற்களைப் பிடுங்கிவிட்டு எங்கள் காட்டுக்கு வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். ஊர்க்கவுண்டர் செருப்பைக் கழற்றினார்.

“சூடங் காட்டின கல்லு. இதுல கடப்பாரை படக்கூடாது.”

எங்கள் மலையில் ஒருமுறை கும்பிட்டுவிட்டால் அது சாமிதான்.

“நேத்து மத்தியானம் வரைக்கும் இது சர்வே கல்லுங்க!” என்று என் வீட்டுக்காரர் கத்தினார்.

“அப்ப நீயே புடுங்கு சாமி.” கவுண்டர் கடப்பாரையை நீட்டினார்.

அவர் வாங்கினார். வாங்கியவர் திரும்பி என் வயிற்றைப் பார்த்தார். கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டார்.

மற்ற கற்களை ஆபீஸ் வாசலில் கொட்டியதும் ஆண்களையெல்லாம் லாரியில் ஏற்றி, மலையிறக்கி, அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் ஒரு மண்டபத்தில் அடைத்தார்கள். நானும் மாமியாரும் எங்கள் ஊர் ரோட்டோரமே உட்கார்ந்திருந்தோம். அடித்திருப்பார்களோ, ஜெயிலுக்கே கொண்டுபோய்விடுவார்களோ என்று மாமியாரைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். பிள்ளை அசைகிறதா என்று வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

“ஒண்ணும் ஆவாது கண்ணு. நான் வேண்டியிருக்கேன்.”

நீங்கள் வேண்டின லட்சணம்தான் தெரிகிறதே என்று வாய்வரை வந்துவிட்டது. ஆனால் அவரும் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சாயங்காலம் எல்லாரையும் விட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு மறுபடி அளக்க வந்தபோதெல்லாம் சனம் மறித்துத் திருப்பி அனுப்பியது. கல் நின்றது எங்கள் காட்டில் மட்டும்தான். அதனால் மண் தோண்டுகிற மெஷின் அங்கேதான் முதலில் வந்தது. சுற்றிலும் போலீஸ். ஊர்ச்சனத்தை வரப்புக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிட்டார்கள்.

மெஷின் டிரைவர் கல்லைப் பார்த்ததும் இறங்கினார். செருப்பைக் கழற்றினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்பாடா, எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இவர் நம்ம ஆள், இவர் தோண்ட மாட்டார்.

அவர் கல்லைச் சுற்றி மண்ணைக் கையாலேயே பறித்தார். கல்லை அலுங்காமல் தூக்கி வந்து மாமியார் முன்னால் நின்றார்.

“உங்க சாமிய வாங்கிக்கங்கம்மா. பத்திரமா வெச்சுக்கங்க.”

மாமியார் முந்தானையை விரித்து வாங்கினார். கனம் தாங்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். டிரைவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய் மெஷினில் ஏறினார். முதலில் விழுந்தது மிளகுக்கொடி ஏறிய மரம்தான்.