மகன் தெரிந்தெடுத்த பாவக்காய்

என் கணவர், இடையில் ஒரேயொரு தரம் லீவில் வந்துபோனதைத் தவிர, ஒன்பது வருடங்கள் கட்டாரில் வேலை செய்துவிட்டு ஊருக்கு வந்து சேர்ந்தபோது எங்கள் மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஆறு. அங்கே அவர் வீதியோரப் பூங்காக்களில் வேலை செய்தார். பாலைவன மணலுக்குள் குழாய் புதைத்து, புல் வளர்த்து, யார் யாரோ நடந்துபோகும் பாதைகளைப் பச்சையாக்குவதுதான் தொழில். ஊரில் யாராவது கேட்டால் தோட்ட வேலை என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவார். அது ஒரு வித்தை என்று எனக்கும் அப்போது தோன்றவில்லை.

எங்கள் வீடு கல்முனையில், கடலில் இருந்து இரண்டு வீதி உள்ளே இருக்கிறது. காலையில் மீன் வாசலுக்கே வந்துவிடும். சோறு என்றால் சோறும் மீனும்தான். மரக்கறி என்பது மீனாணக் குழம்புக்குத் துணையாகச் சோற்றுக் கோப்பை ஓரத்தில் கிடக்கும் ஒன்று. என் பிள்ளைகள் அந்த ஓரத்தையும் தொடமாட்டார்கள். பொரித்த மீன், பொரித்த கோழி, நூடில்ஸ் என்ற மூன்றுக்குள் அவர்கள் உலகம் முடிந்துவிடும். மகனுக்கு மலச்சிக்கல் வந்து, கழிப்பறையில் இருந்துகொண்டு அழத் தொடங்கிய பிறகுதான் நான் பயந்தேன். டொக்டர் மருந்து எழுதவில்லை. தண்ணீரும் மரக்கறியும் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

நான் பாடசாலையில் நாற்பது பிள்ளைகளை அடக்கி வைத்திருப்பவள். என் பிள்ளைகள் இருவரையும் ஒரு பயித்தங்காய்த் துண்டு தின்ன வைக்க என்னால் முடியவில்லை. கட்லட்டுக்குள் கரட்டைத் துருவி ஒளித்தேன். மகன் அதைப் பிய்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தான். அன்றோடு கட்லட் தின்பதையும் விட்டான். ரொட்டி மாவுக்குள் கீரையை அரைத்துப் போட்டேன். ரொட்டியும் போனது. ஒருநாள் கோபத்தில், இந்தத் துண்டைத் தின்னாமல் எழும்பக் கூடாது என்று அவனை இருத்திவிட்டேன். பகல் லுஹர் தொழுகை முடிந்து வந்து பார்த்தேன், அப்படியே இருந்தான். பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொல்லும்போது பார்த்தால் சுவரில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தான். கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது. வாய்க்குள் விரலை விட்டு அந்தப் பயித்தங்காய்த் துண்டை நானே தோண்டி எடுத்தேன். அது கடிபடவே இல்லை. அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன்.

என் கணவர் வந்து இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது. அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மகனை ஏசுவார், அல்லது என்னை ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பின்பக்கக் கதவைத் திறந்து வளவைப் பார்த்தபடி நின்றார். இரண்டு தென்னை, ஒரு தேசி மரம், உடுப்புக் காயப்போடும் கயிறு, வீடு கட்டியபோது மிஞ்சிய உடைந்த கல், மற்றதெல்லாம் மணல். அவ்வளவுதான் எங்கள் வளவு.

மறுநாள் தெரிந்தவர் ஒருவரின் லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏறி சாகாமம் வயல் பக்கம் போனார். பின்னேரம் மாட்டெருவும் வைக்கோலும் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். நாற்றத்துக்கு நான் மூக்கைப் பொத்தினேன். அடுத்த வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, இந்த உப்புத் தண்ணிக்கும் மணலுக்கும் தென்னையைத் தவிர வேறென்ன வரப்போகுது என்று கேட்டுச் சிரித்தார். என் கணவரும் சேர்ந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே குழி தோண்டினார்.

ஒவ்வொரு குழியின் அடியிலும் தேங்காய் மட்டைகளைக் கவிழ்த்து அடுக்கினார். அதற்குமேல் வைக்கோல், அதற்குமேல் எருவும் உமிக்கரியும் கலந்த மண். மணல் தண்ணீரைக் குடித்துவிடும், மட்டை அதைப் பிடித்து வைத்திருக்கும் என்று என்னிடம் விளக்கினார். உப்புக் கூடிய கிணற்று நீரோடு மழைத் தொட்டியில் மிஞ்சிய நீரையும் கலந்து ஊற்றலாம் என்றார். அவர் பேசியதைவிட அவருடைய கைகளைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மண்ணை ஒரு பிடி எடுத்து நசுக்கி, விரித்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் எரு சேர்ப்பார். நான் பரீட்சைத் தாள் திருத்தும்போதுகூட அவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கமாட்டேன்.

ஆனால் மகன் அவர் பக்கமே போகவில்லை. அவன் பிறந்தது முதல் வாப்பா என்றால் தொலைபேசிக்குள் இருக்கும் ஒரு முகம். அந்த முகத்தோடு மணிக்கணக்காகக் கதைப்பான், பள்ளிக்கூடத்தில் விழுந்ததையும் சொல்லுவான். அந்த முகத்துக்குக் கைகால் முளைத்து வீட்டுக்குள் நடமாடத் தொடங்கியதும் அவனுக்கு வெட்கம் வந்துவிட்டது. ஏதாவது வேண்டுமென்றால் என்னிடம் வந்து, வாப்பாவிடம் சொல்லுங்கள் என்பான்.

குழி தோண்டிய மூன்றாம் நாள் அவன் என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டான்.

"உம்மா, ஃபோனத் தாங்க. வாப்பாவோட கதைக்கணும்."

வாப்பா வளவில்தானே நிற்கிறார் என்று சொல்ல வாயெடுத்தேன். ஏனோ சொல்லாமல் வீடியோ அழைப்பை எடுத்துக் கொடுத்தேன். வளவில் மணி அடித்தது. அவர் மண் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு எடுத்தார். யார் எங்கிருந்து பேசுகிறார்கள் என்பது அவருக்கு உடனே விளங்கியிருக்க வேண்டும். ஆனால் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. கட்டாரில் இருந்து கதைத்த அதே குரலில் மகனே, சுகமா என்று கேட்டார். இவன் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டான். குழிக்குள் ஒரு மண்புழு கிடக்கிறது, ஒரு முழ நீளம் இருக்கும் என்றார் அவர். தொலைபேசியைத் திருப்பிக் காட்டினார். படம் சரியாகத் தெரியவில்லை என்றான் இவன்.

"அப்ப கிட்ட வந்து பாருங்க மனே" என்றார்.

அவன் தொலைபேசியை முகத்துக்கு நேரே பிடித்தபடியே கதவைத் தாண்டிப் போனான். நான் அடுப்படியிலேயே நின்றுகொண்டேன்.

விதை போடும் நாளன்று அவர் பைக்கட்டுகளைப் பாயில் பரப்பி வைத்து, ஆளுக்கு ஒன்று தெரிந்தெடுக்கச் சொன்னார். மகள் வெண்டிக்காய் எடுத்தாள். அதன் பூப் படம் வடிவாக இருந்தது என்றாள். மகன் பாவக்காய்ப் பைக்கட்டை எடுத்தான். முதலைத் தோல் மாதிரி இருக்கிறதாம். பெரியவர்களே முகம் சுளிக்கும் காய் அது, வேறு எடு என்று நான் சொல்லத் தொடங்கினேன். என் கணவர் என்னைப் பார்த்தார்.

"புள்ள கேட்டதத்தான் போடணும்" என்றார். பொதுவுக்கென்று பயித்தங்காயும் பூசணியும் போட்டார்கள்.

சூடாகக் கச்சான் காற்று வீசும் கோடை காலம் அது. நாற்றுகள் காயாமல் இருக்கத் தென்னோலையால் மறைப்புக் கட்டினார். பழைய தண்ணீர்ப் போத்தல்களின் அடியை வெட்டி, மூடியில் ஊசியால் துளை போட்டு, ஒவ்வொரு செடியின் பக்கத்திலும் தலைகீழாகப் புதைத்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் போத்தல்களை நிரப்புவது பிள்ளைகளின் வேலை. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் வராத பிள்ளைகள், செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஓடினார்கள். பாவற்கொடியின் சுருள் தன்னுடைய விரலைப் பிடிக்குமா என்று மகன் விரலை நீட்டிக்கொண்டு இருந்தான். அரை மணித்தியாலம் இருந்தான். அந்தப் பிள்ளையிடம் அவ்வளவு பொறுமை இருந்தது எனக்குத் தெரியாது. செடியை எப்படி வளர்க்க வேண்டும் என்று மட்டும்தான் அவர்களுக்கு வாப்பா சொல்லிக்கொடுத்தார். இதைத் தின்ன வேண்டும் என்று ஒரு நாளும் சொல்லவில்லை.

மகளின் வெண்டி முதலில் காய்த்தது. நாளைக்குப் பிடுங்கலாம் என்று இருந்தபோது வீதியில் திரிந்த ஆடு ஒன்று வேலியால் புகுந்து செடிகளை மொட்டையாக்கிவிட்டது. மகள் ஒரு வாய்ச் சோறும் தின்னாமல் அழுதாள். ஆட்டுக்காரரிடம் போய்ச் சண்டை பிடியுங்கள் என்றாள். என் கணவர் போகவில்லை. கத்தியை எடுத்து, கடிபட்டுப் பிசிறாகிக் கிடந்த தண்டுகளைக் கணுவுக்கு மேலால் நேராக வெட்டிவிட்டார். பக்கத்தால் துளிர்க்கும், பத்துப் பன்னிரண்டு நாள் பொறு என்றார். அன்றே கடற்கரைக்குப் போய், மீனவர்கள் கழித்துப் போட்ட வலையைக் கேட்டு வாங்கி வந்து வேலியைச் சுற்றிக் கட்டினார்கள், மூவரும் சேர்ந்து. அவர் சொன்னபடியே தண்டுகள் துளிர்த்தன. ஒரு தண்டு இருந்த இடத்தில் மூன்று கிளை வந்தது. மகள் தன் வகுப்புப் பிள்ளைகளை அழைத்து வந்து காட்டினாள்.

பாவக்காய் நான்குதான் முதலில் கிடைத்தது. அவற்றை அடுப்படிக்குக் கொண்டுவந்தது மகன். அன்று அடுப்படியை என் கணவர் எடுத்துக்கொண்டார். மகனைக் கதிரையில் ஏற்றி நிறுத்தி, மெல்லிய வட்டமாக வெட்டக் காட்டிக் கொடுத்தார். மகள் உப்புப் போட்டுப் பிசறிப் பிழிந்தாள். தேங்காய் எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்து, சின்ன வெங்காயம், உறைப்புக்குக் கொச்சிக்காய், மாசிக் கருவாட்டுத் தூள் போட்டு, வளவுத் தேசிக்காயைப் பிழிந்து சம்பலாக்கினார்கள். வீடு முழுக்க வாசம்.

மகன் ஒரு வட்டத்தை எடுத்து வாயில் போட்டான். முகம் சுருங்கியது. எனக்கு அந்தப் பயித்தங்காய்ப் பகல் ஞாபகம் வந்தது.

"கைக்கிது" என்றான்.

"ஓம், கைக்கும்தான்" என்றார் அவன் வாப்பா. "பாவக்காய் எண்டா கைக்கும்."

இனிக்கும் என்றோ, கண்ணை மூடிக்கொண்டு விழுங்கு என்றோ அவர் சொல்லவில்லை. மகன் யோசித்தான். பிறகு நன்றாக முறுகிய வட்டமாகப் பார்த்து இன்னொன்றை எடுத்தான். அதன் பிறகு ஒன்று. ஐந்து வட்டம் தின்றுவிட்டு, இது நான் வளர்த்தது என்றான். நாங்கள் யாரும் கை தட்டவில்லை. தட்டக் கூடாது என்று என் கணவர் எனக்குக் கண்ணால் சொல்லியிருந்தார்.

அப்போதுதான் மகள் என் கோப்பையைப் பார்த்தாள். என் பங்கு சம்பல் ஓரத்தில் அப்படியே கிடந்தது.

"உம்மா திங்கல்ல" என்றாள்.

சின்ன வயதில் இருந்தே எனக்குப் பாவக்காய் பழக்கமில்லை என்றேன்.

"அப்ப உங்களுக்கு மட்டும் ஏன் யாரும் ஏசல்ல?"

அவள் என்னை மடக்குவதற்காகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பாவக்காய் மட்டுமல்ல, பயித்தங்காயும் கீரையும்கூட நான் விரும்பித் தின்றவள் இல்லை. பிள்ளைகளின் கோப்பையில் மரக்கறியைக் குவித்துவிட்டு, என் கோப்பையில் மீனை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் அவர்களுக்கு எதிரிலேயே இருந்து தின்றிருக்கிறேன். என் கணவர் வந்த முதல் நாளே இதைக் கண்டிருப்பார். ஒரு சொல் சொன்னதில்லை. நான் ஒரு வட்டத்தை எடுத்துக் கடித்தேன். கசந்தது. மொறுமொறுப்பாகவும் இருந்தது. சோற்றோடு சேர்த்து மிச்சத்தையும் தின்றேன். மகன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதன் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். பூசணியை இருவரும் இன்றுவரை தொடுவதில்லை. தேங்காய்ப் பாலில் பாலாணம் வைத்தும் பார்த்தோம், சரிவரவில்லை. பள்ளிக்கூடம் முடிந்து வரும்போது கடையில் மிக்சர் வாங்கித் தின்கிறார்கள். ஆனால் வெண்டிக்காயும் பயித்தங்காயும் வீட்டில் சமைத்தால் மிச்சம் வருவதில்லை. மகனின் வயிறு மெல்ல மெல்லச் சரியானது. சிரித்த மாமி ஒருநாள் வேலிக்கு மேலால் கோப்பையை நீட்டி இரண்டு பாவக்காய் கேட்டார். அவருடைய வளவிலும் குழி தோண்டிக் கொடுத்தது என் கணவர்தான். நான் படிப்பிக்கும் பாடசாலையிலும் அவரைக் கூப்பிட்டார்கள்; அவர் வகுப்பறைக்குப் பின்னால் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளோடு குந்தி இருந்து மண்ணைப் பிசைவதை மாடி ஜன்னலால் பார்த்தேன். என்னோடு நின்ற ஆசிரியை, உங்கட ஹஸ்பண்ட் எங்க படிச்ச என்று கேட்டாள். பாலைவனத்தில் என்றேன். அவள் நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

மாரி மழை அந்த வருடம் விடாமல் பெய்தது. நாலு நாள் வளவில் முழங்கால் தண்ணீர் நின்றது. தண்ணீர் வடிந்தபோது கொடிகள் கறுத்து, வேர் அழுகிக் கிடந்தன. இதோடு பிள்ளைகளுக்கு அலுத்துவிடும் என்று நினைத்தேன். மகன் செத்த கொடியை வலையில் இருந்து பிரித்து எடுத்துவிட்டு, தண்ணீர் ஏறாத இடம் எது என்று வாப்பாவிடம் நேரே கேட்டான். நிலத்தை உயர்த்தலாம் என்றார் அவர். சீமெந்துப் பைகளைக் கழுவிக் காயவைத்து, மண்ணும் உமிக்கரியும் நிரப்பி, கல்லுக்கு மேல் வரிசையாக அடுக்கினார்கள். இந்தமுறை மகன் முள்ளங்கி கேட்டான். மகள் கறிமிளகாய் கேட்டாள். ஒரு பை மிச்சமாக நின்றது.

"உம்மாக்கு என்ன வேணும்?" என்று என் கணவர் கேட்டார்.

மூவரும் மண் கையோடு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பொன்னாங்கண்ணிக் கீரை என்றேன்.

இப்போது அது பையைத் தாண்டிக் கிணற்றடி வரைக்கும் படர்ந்து கிடக்கிறது. கிழமைக்கு இரண்டு தரம் மகள் பறித்து வருகிறாள். நான் கீரையை வதக்கிச் சுண்டல் போடுகிறேன். மகன் தேங்காய் துருவுகிறான். துருவியதில் பாதியை அவனே வாயில் போட்டுக்கொள்கிறான், நான் பார்க்கவில்லை என்ற நினைப்பில்.