மைனர் கிடாயும் சுயாதீனப் பாடகரும்

எம்.ரெட்டியபட்டிக்கும் அருப்புக்கோட்டைக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டும் விஜயபாண்டி ஒரு சுயாதீன இசைக்கலைஞர். தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடி யூடியூபில் ஏற்றுகிறவர்களுக்கு அப்படித்தான் பெயராம். யாரும் கூப்பிடாததால் கிடைத்த சுதந்திரம் அது என்று சொல்பவர்கள் இசை தெரியாதவர்கள். தன் பாட்டைத் தன் ஆட்டோவிலேயே போடுவார். டவுனைத் தாண்டுவதற்குள் யாராவது ஒருவர், போன் பேச வேண்டும், சத்தத்தைக் குறைங்க என்பார். குறைத்துவிடுவார். கலைக்குப் பணிவு அழகல்லவா?

பாட்டெல்லாம் வாயில்லா ஜீவன்களைப் பற்றியவை. பஸ் ஸ்டாண்டில் மூன்று காலோடு திரியும் நாய்க்கு ஒன்று, கருவேலங்காய் தின்று வயிறு உப்பிய கழுதைக்கு ஒன்று. அன்பு பொய்யல்ல. ரோட்டில் ஆடு குறுக்கே வந்தால் வண்டியை அணைத்துவிட்டு, அது ஒரு முடிவுக்கு வரும்வரை காத்திருப்பார். உள்ளே இருந்தவர்கள் முதலில் முடிவுக்கு வந்து இறங்கி நடந்ததும் உண்டு. கறி தின்பதையும் விட்டுவிட்டார்.

அம்மா குருவம்மாள் வளர்த்த கருப்புக் கிடாய்க்கு மைனர் என்று பெயர் வைத்தவரும் அவர்தான். அதன் நடையில் அப்படியொரு மிதப்பு. அதன்மேல் ஒரு பாட்டுக் கட்டி, கண்மாய்க் கரையில் வீடியோ எடுத்தார். 'சிலுப்பிக் காட்டு மைனரே' என்று வரும் இடத்தில் கிடாய் உடம்பைச் சிலுப்ப வேண்டும். அதற்காக அதன் காதுக்குள் மெல்ல ஊதினார். பகல் முழுக்க ஊதியதில், சாயங்காலம் ஊதாமலே, அந்த வரி காதில் விழுந்ததும் மைனர் தலை தொடங்கி வால்வரை உதறியது.

அந்த உதறல்தான் ஓடியது. ஊர் ஊராகப் பிள்ளைகள் அதைப் பார்த்து உடம்பை உதறினார்கள். பார்த்தவர் கணக்கு லட்சத்தைத் தாண்டியது. விருதுநகரிலிருந்து சேனல்காரர்கள் பேட்டிக்கு வந்தார்கள். மைனரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, எந்த உயிரும் தனக்காகச் சாகக்கூடாது என்பதே தன் கொள்கை என்று அறிவித்தார் விஜயபாண்டி. கேமராவுக்குப் பின்னால் நின்ற அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொள்கையில் உருகிவிட்டார் என்று பாடகர் நினைத்தார்.

விஷயம் வேறு. பாட்டு பாட்டென்று மகன் கல்யாணமும் ஆகாமல் திரிந்த காலத்தில், இவன் பாட்டு நாலு பேர் வாயில் விழுந்தால் மைனரை வெட்டிப் பொங்கல் வைக்கிறேன் என்று முனியசாமிக்கு நேர்ந்திருந்தார் குருவம்மாள். சாமி தன் வேலையை முடித்துவிட்டது.

வேறு கிடாய் வாங்கித் தருகிறேன் என்று மகன் கெஞ்சினார். பேர் சொல்லி நேர்ந்ததை மாற்றினால், கொடுத்த பேரையும் புகழையும் சாமி பிடுங்கிக்கொள்ளும் என்றார் அம்மா. அந்த இடத்தில் பாடகர் ஒரு கணம் யோசித்துவிட்டார். அதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குக் காதுமடல் சுடுகிறது.

மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை சாமியின் உத்தரவு. கிடாயைச் சும்மா வெட்டிவிட முடியாது. மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலுப்பினால்தான் சாமிக்குச் சம்மதம். சிலுப்பாவிட்டால் கோயிலுக்கென்று விட்டுவிட வேண்டியதுதான். அப்புறம் ஆயுசுக்கும் யாரும் தொடமுடியாது.

முனியசாமிக்குப் பொங்கல் வைத்த அன்று மைனர் தண்ணீரைக் கல்லுப்போல வாங்கிக்கொண்டது. பூசாரி மொக்கையன் ஒரு செம்பு ஊற்றினார், இன்னொரு செம்பு ஊற்றினார். வெயில் ஏறியது. உலை கொதித்தது. மசாலா அரைத்து வைத்திருந்தவர்களின் முகம் சுருங்கியது. என்ன குத்தம் செய்தேனோ என்று அம்மா அழ ஆரம்பித்தார். விஜயபாண்டி மட்டும் உள்ளுக்குள் சாமியைக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். மொக்கையன் செம்பைக் கீழே வைத்துவிட்டு, இதோடு விட்டுவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தார். வீடியோவை மனப்பாடமாகப் பார்த்திருந்த அண்ணன் பெண்டாட்டி மாரிக்கனி முந்திக்கொண்டார்.

"ஏன் கொழுந்தனாரே, ஊருக்கெல்லாம் பாடுறீக. நம்ம சாமி முன்னால பாடுனா மட்டும் வாய் வலிக்குமாக்கும்?"

கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

"பாடுப்பா" என்றார் மொக்கையன். "எல்லாரும் கேக்கட்டும்."

சொந்த ஊரில் அவரைப் பார்த்து யாரும் பாடச் சொன்னதில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார். நாய்ப் பாட்டு இருந்தது, கழுதைப் பாட்டு இருந்தது. அதற்கெல்லாம் கைதட்டு விழாது என்றது மனசு. மைனர் பாட்டையே பாடி, அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிடலாம் என்று தீர்மானித்தார். பாட ஆரம்பித்ததும் பிள்ளைகள் சேர்ந்துகொண்டார்கள். பெருசுகள் தொடையில் தாளம் போட்டார்கள். பாட்டு ஏறிக்கொண்டே போனது. ஏறி நின்ற இடத்தில் அந்த வரிதான் இருந்தது. நன்றாகவே பாடினார். ரெக்கார்டு பண்ணியபோதுகூட அந்தச் சங்கதி அப்படி விழுந்ததில்லை.

மைனர் அவர் முகத்தையே பார்த்தபடி, தலை தொடங்கி வால்வரை உதறியது.

பெண்கள் குலவை போட்டார்கள். ஆளாளுக்கு வந்து பாடகரின் முதுகில் தட்டினார்கள். பந்தியில் மதினி மாரிக்கனி அவர் இலையில் ஈரலை வைக்க வந்தபோது, வயிறு சரியில்லை என்றார். கொள்கையைச் சொல்ல நாக்கு வரவில்லை.

மகன் முகம் தொங்கிக் கிடப்பது பொறுக்காமல், மறுவாரமே அம்மா சந்தையிலிருந்து ஒரு குட்டியைப் பிடித்துவந்தார்.

"இதுக்கும் ஒரு பேரு வச்சு, ஒரு பாட்டுக் கட்டுப்பா" என்றார். "சத்தியமா இதை யாருக்கும் நேரல."

குட்டி அவர் விரலைச் சப்பியது. பாட்டிலில் பால் ஊற்றிப் புகட்டினார், அகத்தி ஒடித்துப் போட்டார், உண்ணி பொறுக்கினார். பெயர் மட்டும் வைக்கவில்லை. தொழுவத்துக்குள் நுழையும்போது வாயை இறுக மூடிக்கொள்கிறார். இருமல் வந்தால்கூட, வெளியே போய் இருமிவிட்டுத்தான் வருகிறார்.