தெர்மாமீட்டருக்குள் ஒரு சாமி

குழந்தையிடம் எதுவரை சொல்லலாம்? எனக்கு இன்றும் தெரியவில்லை.

கைக்குழந்தைக்குக் காய்ச்சல். தெர்மாமீட்டருக்குள் மின்னுவது என்னவென்று ஐந்து வயது மகள் கேட்டாள்.

"பாதரசம்ட்டி. இங்கிலீஷ்ல மெர்க்குரி. அது ரோமாபுரியில வேகமா ஓடுத ஒரு சாமி பேரு. வேகமா சுத்துததால புதன் கிரகத்துக்கும், உருண்டு ஓடுததால இதுக்கும் அந்தப் பேரையே வச்சிட்டாங்க."

அடுப்பை அணைத்துவிட்டு வந்தால், தெர்மாமீட்டர் உடைந்து கிடந்தது. மகளின் உள்ளங்கையில் வெள்ளி உருண்டை. கை தம்பியின் வாயருகே.

"சாமிதானம்மா? நம்ம கோயில் புத்துமண்ணு மாதிரி நாக்குல வச்சா காய்ச்சல் போயிரும்லா?"

"விசம்ட்டி அது!" என்று பதறித் தட்டிவிட்டேன். அறைந்தும் விட்டேன். நல்லவேளை, வாய்க்குள் போகவில்லை என்றார் டாக்டர்.

இப்போது கோயிலில் புற்றுமண் கொடுத்தால் மகள் கையைப் பின்னால் ஒளித்துக்கொள்கிறாள். "இதுவும் விசமாம்மா?" என்கிறாள். அவளுக்கு நான் என்ன சொல்லட்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.